புதர்த்தீயைத் தாங்கும் வீடு: ஆஸ்திரேலிய ஆராய்ச்சி சொல்வது என்ன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் வீடு கட்டுகிறவர், வாங்குகிறவர், பல காலமாகக் குடியிருப்பவர் எல்லோருக்கும் புதர்த்தீயைப் பற்றி எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றுக்குத் தீ ஆராய்ச்சி எண்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் பதில்களைக் கட்டடப் பொறியியல் தெரியாதவரும் படிக்கும்படி இங்கே தருகிறேன். விதி மனைக்கு மனை மாறும். ஆகவே கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்க் கவுன்சிலையும் தகுதி பெற்ற தீ மதிப்பீட்டாளரையும் கேட்டே ஆக வேண்டும்.

புதர்த்தீயில் வீடு எப்படிப் பற்றுகிறது? தீச்சுவர் வந்து மோதித்தானே?

தொலைக்காட்சியில் மர உச்சிக்கு மேல் எழும் தீயைப் பார்த்துப் பார்த்து அப்படித்தான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. எரிந்த ஊர்களுக்குள் போய் வீடு வீடாகப் பார்த்தவர்கள் சொல்வது வேறு.

1944 ஜனவரி 14 அன்று மெல்பர்னின் கடலோரப் புறநகரான போமாரிஸில் தீ பரவியது. இன்று சிஎஸ்ஐஆர்ஓ என்று அழைக்கப்படும் அரசு ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த ஜி. ஜே. பாரோ, எரிந்த வீடுகளையும் தப்பிய வீடுகளையும் ஒப்பிட்டு 1945இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வீடுகள் திடீரென வெடித்து எரியவில்லை, காற்றில் வந்த கங்குகள் இடுக்குகளிலும் திறப்புகளிலும் புகுந்து சிறு தீயாகத் தொடங்கியே பெரும்பாலான வீடுகள் போயின என்பதுதான் அதன் சாரம். 1983 பிப்ரவரி 16இல் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலுமாக 75 பேரைப் பலிகொண்ட ‘சாம்பல் புதன்’ தீக்குப் பிறகு நடந்த விரிவான கள ஆய்வுகளும் இதையே சொல்லின. 2003 ஜனவரி 18இல் கான்பெராவில் சுமார் 500 வீடுகள் எரிந்தன. அதில் டஃபி என்ற ஒரே புறநகரில் மட்டும் 200க்கு மேல். அங்கும் தீநாக்கு நேரடியாகத் தொட்ட வீடுகள் சிறுபான்மையே.

வீட்டைத் தாக்குபவை மூன்று: பறந்து வரும் கங்கு, எரியும் காட்டிலிருந்து வரும் வெப்பக் கதிர், நேரடித் தீநாக்கு. இவற்றோடு பலத்த காற்றையும், பக்கத்து வீடு எரிவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீமுனை, அதாவது பரவி வரும் தீயின் முன்வரிசை, ஓர் இடத்தைக் கடந்து போக ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். கங்கு மழை அதற்கு முன்பே தொடங்கிவிடும், கடந்து போன பிறகும் மணிக்கணக்கில் நீடிக்கும். வீடுகள் அதிகம் பறிபோவது இந்த நீண்ட நேரத்தில்தான்.

ஒரு சின்னக் கங்கு அவ்வளவு பெரிய வீட்டை என்ன செய்துவிடும்?

கரி அடுப்பை விசிறியால் விசிறினால் மங்கிக் கிடந்த கங்கு சிவந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். தீ நாளில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. கூரைப் பீலியில் (மழைநீர் வடியும் கூரையோரக் கால்வாயில்) காய்ந்த இலை, ஓட்டுக்கு அடியில் பல ஆண்டுத் தூசி, மரப்படியின் மூலையில் சேர்ந்த சருகு, வாசலில் தென்னைநார் மிதியடி – கங்கு வந்து தங்க இவற்றில் ஒன்று போதும். தங்கிய கங்கை எதிர்க்காற்று ஊதிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்திரேலியக் காடுகளில் இந்தத் தொல்லை அதிகமாக இருப்பதற்குத் தைல மரங்கள் ஒரு காரணம். நார் நாராகவும் நாடாவாகவும் உரியும் பட்டை உள்ள இனங்களில், அந்தப் பட்டை எரிந்துகொண்டே புகையோடு மேலேறிக் காற்றில் வெகுதூரம் போகிறது. 2009 பிப்ரவரி 7, ‘கறுப்பு சனி’ அன்று விக்டோரியாவில் தீமுனைக்கு 30 கிலோமீட்டருக்கும் அப்பால் புதுத் தீ மூண்டது. அவ்வளவு தொலைவில் விழும் கங்குகள் குறைவு. வீடுகளை எரிப்பது பெரும்பாலும் அருகிலிருந்து வரும் அடர்ந்த கங்கு மழை. பழைய தீக்களின் பதிவுகளைப் பார்த்தால், எரிந்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவை காட்டின் ஓரத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தவை. ஆனால் சுமார் 700 மீட்டர் உள்ளே இருந்த வீடுகளும் எரிந்திருக்கின்றன.

பிஏஎல் என்று ஓர் எண்ணைச் சொல்கிறார்களே, அது என்ன?

புதர்த்தீ வரக்கூடிய பகுதிகளில் வீடு கட்டுவதற்கான ஆஸ்திரேலியத் தரத்தின் பெயர் ஏஎஸ் 3959. அது முதலில் வந்தது 1991இல். கறுப்பு சனிக்குப் பின் 2009இல் பெரிதாகத் திருத்தப்பட்டு, 2018இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. உங்கள் மனைக்கு எவ்வளவு கடுமையான தாக்குதல் வரலாம் என்பதை அது ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. இந்தப் புதர்த்தீத் தாக்குதல் நிலையைத்தான் ஆங்கிலச் சுருக்கமாக பிஏஎல் என்கிறார்கள்: குறைவு, 12.5, 19, 29, 40, கடைசியாகத் தீநாக்கு மண்டலம்.

நடுவிலுள்ள எண்கள், ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழக்கூடிய வெப்பக் கதிர் எத்தனை கிலோவாட் என்பதைக் குறிக்கின்றன. உச்சி வெயில் ஏறத்தாழ 1 கிலோவாட். 2 கிலோவாட்டைச் சற்றுத் தாண்டினாலே வெற்றுத் தோல் ஒரு நிமிடத்தில் வலிக்கத் தொடங்கும். 10 கிலோவாட்டில் பாதுகாப்பு உடை அணிந்த தீயணைப்பு வீரருக்கே ஒரு நிமிடத்துக்குள் உயிராபத்து. 12.5இல் சாதாரண ஜன்னல் கண்ணாடி உடையலாம். 29இல் டஃபன்டு (பதப்படுத்தி வலுவூட்டிய) கண்ணாடியும் உடையலாம். கங்கு தொடாமலே பெரும்பாலான மரவகைகள் மூன்று நிமிடத்தில் தானாகப் பற்றுவதும் இந்த நிலையில்தான்.

எண் சிறியது என்பதால் 12.5ஐ அலட்சியம் செய்கிறவர்கள் உண்டு. அந்த நிலையில் எதிர்பார்க்கப்படும் முக்கியத் தாக்குதல் கங்கு. எரிந்த வீடுகளின் வரலாற்றைப் படித்தவர் யாரும் கங்கை அலட்சியம் செய்யமாட்டார்.

என் மனைக்கு எந்த நிலை என்பதை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்?

நான்கு விஷயங்களை வைத்து: உங்கள் வட்டாரத்தின் தீ அபாயக் குறியீடு (அங்கே தீ வானிலை எவ்வளவு கடுமையாகலாம் என்பதைக் காட்டும் எண்), அருகிலுள்ள தாவர வகை, அதற்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், அந்தத் தாவரம் நிற்கும் நிலத்தின் சரிவு. உதாரணமாக, தீ அபாயக் குறியீடு 100 உள்ள வட்டாரத்தில், சமதளத்தில் அடர்ந்த காடு இருந்தால், 19 மீட்டருக்குள் வரும் வீடு தீநாக்கு மண்டலம். 19 முதல் 25 வரை பிஏஎல்-40, 35 வரை 29, 48 வரை 19, 100 மீட்டர் வரை 12.5.

சரிவு வந்தால் இந்தத் தூரங்கள் நீளும். தீ மேட்டில் ஏறும்போது, ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் அதன் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மலைமுகட்டில் நிற்கும் வீட்டில் காட்சி நன்றாக இருக்கும். அந்தக் காட்சி தெரியும் திசையிலிருந்துதான் தீயும் வேகமெடுத்து ஏறி வரும்.

இதையெல்லாம் உண்மையான தீயில் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, வெறும் கணக்கா?

இரண்டும் உண்டு. சுவர்த் துண்டு, ஜன்னல், கதவு போன்றவற்றைத் தனித்தனியாகச் சோதிக்க ஏஎஸ் 1530.8 என்ற முறை இருக்கிறது. அதன் முதல் பகுதியில், பொருளைச் சூடான கதிர்வீச்சுப் பலகைக்கு முன் நிறுத்தி, அந்தந்த பிஏஎல் அளவின் உச்ச வெப்பத்தைச் சில நிமிடம் கொடுத்துவிட்டுப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். சருகுக் குவியலுக்குப் பதிலாக எரியும் சிறு மரக்கட்டை அடுக்குகளையும் மூலைகளில் வைக்கிறார்கள். தீ தணிந்த பிறகும் ஒரு மணி நேரம் கூடும்வரை கண்காணிப்பு தொடர்கிறது. உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் சுவர் தாமதமாகத்தான் காட்டிக்கொடுக்கும் என்பதால் இந்தக் காத்திருப்பு முக்கியம். தீநாக்கு மண்டலத்துக்கான இரண்டாம் பகுதியில் பொருள் உலைத்தீயையே சந்திக்க வேண்டும்.

முழு வீட்டையும் சோதித்ததுண்டு. நியூ சவுத் வேல்ஸின் தெற்குக் கடற்கரையில் மோகோ என்ற ஊர் அருகே, மாநிலத்தின் ஊர்ப்புறத் தீயணைப்புச் சேவையின் பயிற்சி மையத்தில் ஒரு தீமுனைப் போலியுருவாக்கி இருக்கிறது. பெரிய எரிவாயு அடுப்பு வரிசைகளைக் கொண்டு, காட்டுத்தீ ஒன்று நெருங்கி வந்து மேலே கடந்து போவதைப்போல் அதில் தீ எழுப்பலாம். 2010இல் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சியாளர்கள் எஃகுச் சட்டத்தாலான ஒரு வீட்டை அங்கே தீக்கு முன் நிறுத்தினார்கள். எஃகுச் சட்ட வீட்டுத்துறைச் சங்கம் 2014இல் தனக்கென ஒரு புதர்த்தீக் கட்டுமானத் தரத்தை வெளியிட்டது. அதை தேசியக் கட்டுமான விதித்தொகுப்பும் ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பர் 31 அன்று அதே மோகோ ஊரை நிஜத் தீ தாக்கிப் பல வீடுகளையும் கடைகளையும் எரித்தது.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே நடந்த சோதனைகளில் என் மனத்தில் நிற்பது ஒன்று. 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் மர உச்சிகள் வழியாகப் பரவும் தீயை வேண்டுமென்றே மூட்டி, அதன் எதிரே மரச்சுவர்களை நட்டுவைத்தார்கள். அமெரிக்க வனத்துறையின் ஜாக் கோகன் அந்தச் சுவர்களைக் கவனித்தார். 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றின. 20 மீட்டரில் ஒன்றும் பற்றவில்லை. அவ்வளவு பெரிய தீயின் வெப்பக் கதிரை இருபதே மீட்டர் வெற்றுநிலம் தடுக்கிறதென்றால், வீட்டின் விதியை முடிவு செய்வது வீடும் அதைச் சுற்றியுள்ள சிறிய இடமும்தான் என்று அவர் வாதிட்டார். கங்கைத் தனியே ஆராய, அமெரிக்கத் தர ஆய்வு நிறுவனத்தின் சாமுவேல் மான்செல்லோ ‘டிராகன்’ என்ற கங்கு உமிழும் கருவியை உருவாக்கி, ஜப்பானின் சுக்குபாவில் உள்ள காற்றுச் சுரங்கத்தில் சோதனைகள் நடத்தினார். தென் கரோலினாவின் ரிச்பர்க்கில் காப்பீட்டுத் துறை நடத்தும் ஆய்வகத்தில் 105 விசிறிகள் இருக்கின்றன. முழு வீட்டையே உள்ளே நிறுத்திக் கங்கு மழை பொழியவைக்கிறார்கள்.

செங்கல் வீடு, தகரக் கூரை என்றால் கவலை இல்லையா?

சுவர் எரியாது என்பது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். செங்கல் சுவரிலும் காற்றுத் துளை உண்டு, ஜன்னல் உண்டு, கூரை முட்டும் இடத்தில் இடைவெளி உண்டு. தரம் பேசுவதில் பெரும்பகுதி இந்த இடுக்குகளைப் பற்றித்தான். 3 மில்லிமீட்டருக்கு மேல் எந்த இடைவெளியும் திறந்திருக்கக் கூடாது. காற்றுத் துளைகளை 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண் உள்ள உலோக வலையால் மூட வேண்டும். நைலான் கொசுவலை இதற்கு உதவாது, உருகிவிடும். கூரை மேல் வைக்கும் ஆவிக் குளிரூட்டியின் ஈரமெத்தைகள், மின்சாரம் நின்று காய்ந்துவிட்டால் கங்குக்கு நல்ல தீனி. அதற்கும் வலை வேண்டும்.

ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி உடைந்த நொடியில் வெளியே இருந்த ஆபத்து உள்ளே வந்துவிடுகிறது. திரைச்சீலை, மெத்தை, சோபா எல்லாம் கங்குக்கு எதிரே திறந்து கிடக்கும். அதனால்தான் நிலை கூடக்கூடக் கண்ணாடியும் தடிக்கிறது. பிஏஎல்-40இல் 6 மில்லிமீட்டர் டஃபன்டு கண்ணாடி கேட்கிறார்கள். வெளிப்பக்கம் உலோக வலை போட்டால் கங்கு கண்ணாடியை அண்டாது, வெப்பக் கதிரிலும் ஒரு பங்கு குறையும். தரையிலிருந்தோ மரத்தளத்திலிருந்தோ 400 மில்லிமீட்டருக்குள் தொடங்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பாதுகாப்பு கேட்பதற்கும் காரணம் உண்டு. சருகும் கங்கும் ஒன்றாகச் சேருவது அந்த அடிமட்டத்தில்தான்.

ஓட்டுக்கூரையும் எரியாது. ஆனால் ஓடுகளுக்கு இடையே சந்து உண்டு, பலத்த காற்றில் ஓடு நகரும். அடியில் எளிதில் பற்றாத உறை முழுவதுமாக விரித்திருந்தால் கங்கு கூரைக்குள் விழாது. இந்த உறை இல்லாத பழைய ஓட்டு வீடுகள் ஏராளம்.

மரமே கூடாதா?

கூடும். அடர்த்தி மிகுந்த ஏழு மரவகைகள் சோதனையில் தேறி, எந்த ரசாயனப் பூச்சும் இல்லாமலே பிஏஎல்-29 வரை பயன்படுத்த அனுமதி பெற்றிருக்கின்றன: பிளாக்பட், ஸ்பாட்டட் கம், ரெட் அயர்ன்பார்க், ரிவர் ரெட் கம், சில்வர்டாப் ஆஷ், டர்பன்டைன், மெர்பாவ் என்றும் சொல்லப்படும் க்விலா. மலிவான பைன் மரம் இந்தப் பட்டியலில் இல்லை.

வேலி?

பற்றாத உலோக வேலி போடுங்கள். சிஎஸ்ஐஆர்ஓ நடத்திய ஒப்பீட்டுச் சோதனைகளில் எஃகுத் தகட்டு வேலி வெப்பக் கதிருக்கு ஒரு தடுப்பாகவே நின்றது. மரவேலி திரிபோல் பற்றி வீடுவரை தீயைக் கொண்டுவரும்.

ஒரு முழு ஊர் எரிந்ததிலிருந்து பொறியாளர்கள் கற்றது என்ன? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

வை ரிவர். விக்டோரியாவின் கிரேட் ஓஷன் சாலையில், காடு கடலைத் தொடும் இடத்தில், செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர். 2015ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தீ வந்தது. மக்களை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டதால் ஒரு உயிரும் போகவில்லை. ஆனால் வை ரிவரிலும் பக்கத்து செபரேஷன் கிரீக்கிலுமாக 116 வீடுகள் போயின.

சிஎஸ்ஐஆர்ஓவின் ஜஸ்டின் லியனார்டும் குழுவினரும் அங்கே போய் எரிந்த தடங்களை ஆராய்ந்தார்கள். ஊருக்குள் தீ பல இடங்களில் தரையில் சருகு வழியாகத் தாழ்வாக நகர்ந்திருக்கிறது. வீட்டில் ஆள் இருந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் அணைக்கக்கூடிய தீ. அதைப் பெரிதாக்கியவை சரிவில் மண்ணைத் தாங்கக் கட்டிய மரக்கட்டைச் சுவர்கள், மரப்படிகள், தூண்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் அடுக்கிய விறகு, படகு, பழைய தட்டுமுட்டு. இவை ஒருமுறை பற்றினால் மணிக்கணக்கில் எரியும். மேலே இருக்கும் வீட்டின் அடித்தளத்துக்கு அவ்வளவு நேரம் தாங்கும் வலு கிடையாது. அந்த வீடு பற்றியதும் அடுத்த வீட்டுக்கு அதுவே தீமுனை ஆகிவிடுகிறது. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளும் குழாய்களும் உருகிப்போனதால், அணைப்பதற்கென்று வைத்திருந்த தண்ணீரும் பல இடங்களில் வீணாயிற்று.

ஏஎஸ் 3959 வீட்டுக்கும் காட்டுக்கும் உள்ள உறவை நன்றாகவே கணக்கிடுகிறது. வீட்டுக்கும் அதன் சொந்தக் கொல்லைக்கும், வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் உள்ள உறவை அது அந்த அளவுக்குத் தொடவில்லை. என் பார்வையில் இன்றைய தரத்தில் உள்ள மிகப் பெரிய ஓட்டை இதுதான். நெருக்கமாக மனை பிரித்து விற்கும் புதுக் குடியிருப்புகளில் இது இன்னும் ஆபத்தானது. டஃபியில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தீ தாவியதை நாம் 2003இலேயே பார்த்துவிட்டோம்.

கூரையில் ஸ்பிரிங்க்ளர் (நீர்த்தெளிப்பான்) வைத்தால் போதாதா?

நன்றாக வடிவமைத்தால் உதவும். 2012இல் இதற்கென்றே ஏஎஸ் 5414 என்ற தரம் வந்தது. ஆனால் தீ நாளில் மின்சாரம் போகும், ஊர்க்குழாயில் அழுத்தம் குறையும், காற்று நீரைக் கூரைக்கு அப்பால் கொண்டுபோகும். உலோகக் குழாய், சொந்த எஃகு அல்லது கான்கிரீட் தொட்டி, வெப்பம் தாக்காதபடி மறைத்து வைத்த டீசல் பம்ப் – இவை இல்லாத ஸ்பிரிங்க்ளர் அமைப்பை நம்ப வேண்டாம். அதற்கு ஆகும் செலவில் முதலில் இடுக்குகளை அடைக்கச் சொல்வேன். வலைக்கு மின்சாரம் வேண்டாம், பம்ப் வேண்டாம், பக்கத்தில் ஆளும் வேண்டாம்.

நிலத்தடி பங்கர் வைக்கலாமா?

கறுப்பு சனிக்குப் பிறகு, 2010இல், தனியார் தீப்புகலிடங்களுக்கு ஆஸ்திரேலியக் கட்டுமான விதி வாரியம் ஒரு செயல்திறன் தரத்தை வெளியிட்டது. வெப்பமும் நச்சுப்புகையும் உள்ளே வராமல், தீ கடக்கும் வரை மனிதர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. காற்றுப் புகாமல் மூடிய சின்ன அறையில் ஆட்கள் கூடினால் அவர்களின் உடல் வெப்பமும் மூச்சும்கூடக் கணக்கில் வரும். அதனால் ஓர் ஆளுக்கு எத்தனை கனமீட்டர் காற்று வேண்டும் என்பது வரை அதில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கப்பல் கன்டெய்னரை மண்ணில் புதைத்து ‘பங்கர்’ என்று சொல்லிக்கொள்வது உயிரோடு விளையாடுவது. அங்கீகாரம் பெற்ற வடிவமைப்பு என்றாலும், முன்கூட்டியே ஊரைவிட்டுப் போவதற்கு அது மாற்று ஆகாது.

தரத்தின்படி கட்டிய வீடு என்றால் தீ நாளில் உள்ளேயே இருந்துவிடலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது 2009ஐ மறக்க முடியாது. அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி வெப்பம். இறந்தவர்கள் 173 பேர். அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தார்கள். குளியலறையில் தண்ணீர் இருக்கிறது என்று அங்கே ஒதுங்கியவர்கள் பலர். குளியலறைக்குப் பெரும்பாலும் வெளிக்கதவு இருக்காது. வெளியே என்ன நடக்கிறது என்று தெரியவும் தெரியாது. வீடு மற்றோர் அறையில் எரியத் தொடங்கியதை அறிவதற்குள் வழி அடைபட்டுவிடும்.

வீட்டில் ஆள் இருந்தால் வீடு தப்பும் வாய்ப்பு கூடும் என்பதும் உண்மைதான். 1983க்குப் பின் மவுன்ட் மாசிடனில் நடந்த ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. ‘தயாராக இரு, இருந்து காப்பாற்று, இல்லையேல் முன்னமே போய்விடு’ என்ற பழைய கொள்கை இத்தகைய ஆய்வுகளில் வேர் கொண்டதுதான். ஆனால் கறுப்பு சனி போன்ற நாளின் தீ, அந்தக் கொள்கையை நம்பியிருக்க முடியாத அளவுக்குக் கடுமை. இன்று ‘பேரழிவு’ என்று அறிவிக்கும் நாளில் அதிகாலையிலேயே, முடிந்தால் முந்தைய இரவே கிளம்பச் சொல்கிறார்கள். ஏஎஸ் 3959உம் எந்த வீடும் ஒவ்வொரு தீயிலும் தப்பும் என்று உறுதி கொடுக்க முடியாது எனத் தன் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது.

தரம் கொடுப்பது இரண்டு. நீங்கள் ஊரில் இல்லாதபோது வீடு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வாய்ப்பு ஒன்று. சாலை அடைபட்டு வேறு வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டால், தீமுனை கடக்கும் அந்தச் சில நிமிடம் சுவர் தாங்கும் என்பது மற்றொன்று. அப்படி மாட்டிக்கொண்டால் வெளியேறும் கதவுள்ள அறையில் இருங்கள். வீடு எரியத் தொடங்கினால், வெளியே தீ கடந்திருக்கும் பக்கமாக, ஏற்கெனவே எரிந்துபோன நிலத்துக்குப் போங்கள்.

எங்கள் வீடு 1970களில் கட்டியது. இந்தத் தரமெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

சட்டப்படி பெரும்பாலும் பொருந்தாது. புதிதாகக் கட்டும்போதும் பெரிய அளவில் விரிவாக்கும்போதும்தான் தரம் கட்டாயம். தீ அபாயப் பகுதிகளில் இன்று நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை அந்தத் தரம் வருவதற்கு முன் கட்டியவை. 2019–20 ‘கறுப்புக் கோடை’யில் ஆஸ்திரேலியா முழுவதும் 3,000க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. ஒவ்வொரு பெருந்தீக்குப் பிறகும் புதுவீட்டு விதிகளை இறுக்குகிறோம். பழைய வீடுகளுக்கு வலை வாங்கவும் இடுக்கு அடைக்கவும் உதவும் திட்டங்கள் அந்த வேகத்தில் வரவில்லை. ஆராய்ச்சி இத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும் இந்த இடைவெளி இருப்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. அரசுப் பணம் எங்கே அதிக உயிரையும் அதிக வீட்டையும் காக்கும் என்று கேட்டால், பழைய வீடுகளைப் பலப்படுத்துவதில் என்றுதான் சொல்வேன்.

நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, செலவும் அவ்வளவு இல்லை. கோடைக்கு முன் கூரைப் பீலியையும் கூரை மடிப்புகளையும் சுத்தம் செய்யுங்கள். பீலிக்கு மேல் இலைத்தடுப்பு போடுவதானால் உலோகத்தில் போடுங்கள். காற்றுத் துளை, கழிவறைக் காற்றுப்போக்கி, ஆவிக் குளிரூட்டி எல்லாவற்றையும் 2 மில்லிமீட்டர் உலோக வலையால் மூடுங்கள். வெளிக்கதவுகளின் அடியில் காற்றடைப்பு வையுங்கள். சுவரும் கூரையும் சேரும் இடுக்குகளை, நெளிதகரக் கூரையின் நெளிவுகள் முடியும் இடங்களையும் விடாமல், தீ தாங்கும் பஞ்சாலோ பசையாலோ அடைத்துவிடுங்கள். வீட்டுக்கு அடியில் எதையும் சேர்த்து வைக்காதீர்கள், முடிந்தால் அடிப்பகுதியைச் சுற்றி வலையோ தகடோ போட்டு மூடுங்கள். ஜன்னலுக்குக் கீழே செடி வேண்டாம். சுவரை ஒட்டி மரச்சிராய் பரப்புவதற்குப் பதில் சரளைக்கல் பரப்புங்கள். விறகுக் குவியலைத் தள்ளி வையுங்கள். எரிவாயு உருளையின் பாதுகாப்பு வால்வு வீட்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பச் சொல்லுங்கள்.

இவற்றில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், பீலியும் காற்றுத் துளைகளும். ஜன்னலை மாற்றுவது பெரிய செலவு. அதை வேறு காரணத்துக்காக வீட்டைப் புதுப்பிக்கும் நாளில் சேர்த்துச் செய்யலாம்.

சிட்னியிலோ மெல்பர்னிலோ புறநகரில் வீடு வாங்கப் பார்க்கிறோம். எதைக் கவனிப்பது?

நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் விலை கட்டுப்படியாகும் என்று நகர விளிம்பிலுள்ள புதுக் குடியிருப்புகளைத் தேடுகின்றன. மெல்பர்னின் மேற்குப் பக்கம் காடு இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். காய்ந்த புல்வெளித் தீ காட்டுத்தீயைவிட வேகமாக ஓடும். அது கடந்து போவதும் சீக்கிரம், ஆனால் வேலியையும் கொட்டகையையும் பற்றவைத்துவிட்டே போகும்.

நியூ சவுத் வேல்ஸில், விற்பனை ஒப்பந்தத்தோடு வரும் 10.7 திட்டமிடல் சான்றிதழைப் பாருங்கள். அந்த நிலம் புதர்த்தீ அபாயப் பகுதியா என்று அதில் எழுதியிருக்கும். விக்டோரியாவில் அரசின் திட்டமிடல் வரைபடத்தில் முகவரியைப் போட்டால் தெரியும். அங்கே அறிவிக்கப்பட்ட அபாயப் பகுதிகளில் புதுவீட்டுக்குக் குறைந்தபட்சம் பிஏஎல்-12.5 கட்டாயம். ஏற்கெனவே கட்டிய வீடு என்றால், கட்டிய ஆண்டையும் எந்த பிஏஎல் நிலைக்கு அனுமதி பெற்றது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பின் முன் உரிமையாளர் ஏதாவது மாற்றியிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். உலோக வலையைக் கழற்றிச் சாதாரணக் கொசுவலை போட்டிருந்தாலோ, பின்பக்கம் பைன் மரத்தளம் சேர்த்திருந்தாலோ, அந்தச் சான்றிதழ் சொல்லும் வீடும் உங்கள் முன் நிற்கும் வீடும் ஒன்றல்ல. வீட்டை ஆய்வு செய்ய வருபவரிடம் கூரைக்குள் ஏறி ஓட்டுக்கு அடியில் உறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். வாங்குவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் அந்த முகவரிக்கு ஆண்டுக்கட்டணம் எவ்வளவு என்றும் விசாரித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தொகையைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.